நடைபாதைக் கடைகளை அகற்றும் வேலைக்குத் தம்பியை அனுப்புகிறார்கள், எவ்வளவு ஆபத்து?

சாட்ஸ்வர்த்_அக்கா:

என் தம்பி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தனியார் செக்யூரிட்டி கம்பெனியில் காவலாளி. இதுவரை ஒரு கிடங்கு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். இப்போது மாநகராட்சி நடைபாதை வியாபாரிகள் மேல் நடவடிக்கை எடுக்கும் நாட்களில் மெட்ரோ போலீசோடு, அதாவது மாநகராட்சியின் சொந்தக் காவல்படையோடு, போகச் சொல்கிறார்கள். சரக்கை எடுத்துப் பக்கியில் (திறந்த சிறு லாரி) ஏற்றுவதுதான் வேலையாம். பயிற்சி ஒன்றும் கிடையாது, ஒரு சட்டை, ஒரு தடி, அவ்வளவுதான். போன வாரம் சந்தைகளும் டாக்ஸி நிலையங்களும் நிறைந்த வார்விக் பகுதி அருகே யாரோ எறிந்த கல் பட்டு முழங்கால் வீங்கி வீட்டுக்கு வந்தான். அம்மா வேலையை விடச் சொல்கிறார், அவனோ வேறு வேலை எங்கே கிடைக்கும் என்கிறான். அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அவன் கையால் அங்கே கடை போடும் பெண்களில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்றும் அதே அளவு பயமாக இருக்கிறது. இதில் ஆபத்து எங்கிருந்து வருகிறது, கம்பெனியிடம் அவன் எதைக் கேட்க வேண்டும்?

பழைய_சீருடை:

நான் வேறொரு நகராட்சியில் இதே அமலாக்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் நேராகவே சொல்கிறேன். விதியைச் சொல்லும்போது யாரும் கல் எறிவதில்லை. சரக்கின் மேல் கை வைக்கும் அந்த நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கும். அந்தக் கூடையில் இருப்பது பல பேருக்கு மஷோனிசாவிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், வட்டிக்கு வாங்கிய பணம், அது போனால் அடுத்த நாள் கடையே இல்லை, அப்படிப்பட்டவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் பின்னாலிருந்து பிடுங்கினால் அவர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்?

இரண்டாவது, வண்டிகள். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பக்கி வருவது தெரிந்ததும் ஒருவர் விசில் அடிப்பார், உடனே எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், முதுகில் குழந்தை கட்டிய பெண்களும் அதில் உண்டு. எதிரே வருவதோ மினிபஸ் டாக்ஸி. துரத்தக் கூடாது, அவ்வளவுதான். துரத்திப் பிடித்த ஒரு பெட்டி தக்காளிக்காக ஒரு உயிர் போகலாம்.

அப்புறம் அடுப்பு. மீலி (மக்காச்சோளம்) வேகவைப்பவர்கள், மாட்டுத்தலை சமைப்பவர்கள், எண்ணெய்ச் சட்டி வைத்திருப்பவர்கள், இவர்கள் பக்கத்தில் தள்ளுமுள்ளு என்றால் கொதிநீர், கேஸ் சிலிண்டர், பாரஃபின் (மண்ணெண்ணெய்) எல்லாம் கூட்டத்துக்கு நடுவில்தான் இருக்கும். முதலில் அடுப்பை அவர்களே அணைக்கட்டும், ஆறட்டும், பிறகு பேசலாம். மாதக்கடைசி வெள்ளிக்கிழமை மாலை டாக்ஸி ரேங்க் (மினிபஸ் டாக்ஸி நிலையம்) பக்கம் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. வார்விக்கில் ஒரு நாளைக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகிறார்கள் என்பார்கள், அங்கே மிளகு ஸ்ப்ரே அடித்தால் அது யார் கண்ணில் விழும் என்று அடித்தவருக்கே தெரியாது.

மார்க்கெட்_பேத்தி:

அண்ணா சொன்னது சரி, ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். என் ஆயா காலத்திலிருந்து வார்விக்கில் இருக்கும் எர்லி மார்னிங் மார்க்கெட்டில் எங்களுக்கு மேசை உண்டு, கத்தரிக்காய், மதும்பி (சேப்பங்கிழங்கு), கறிவேப்பிலை விற்கிறோம். 2009-இல் அந்த இடத்தில் மால் கட்டப்போகிறோம் என்று வந்தார்கள். போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது, காய்கறி வாங்க வந்தவர்களும் ஓடினார்கள். கடைசியில் மால் வரவில்லை, மார்க்கெட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு சீருடையைப் பார்த்தாலே உடம்பு நடுங்கும் பெண்கள் எங்கள் வரிசையில் இருக்கிறார்கள்.

விதியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நடைபாதையை முழுக்க அடைத்துக் கடை போட்டால் சக்கர நாற்காலிக்காரர் சாலையில் இறங்கித்தான் போகவேண்டும், தீயணைப்புக் குழாய் முன்னால் மூட்டை அடுக்கினால் எரியப்போவது எங்கள் மேசைதான். கோடு போட்டுக் காட்டினால், முந்தின நாளே வந்து சொன்னால், பெரும்பாலானவர்கள் தள்ளி உட்காருவார்கள். பெர்மிட் இருக்கிறவரையும் இல்லாதவரையும் ஒன்றாகவே வாரிக்கொண்டு போவதுதான் வயிறு எரியவைக்கிறது. காய்கறியைத் திரும்பத் தந்தாலும் என்ன பயன், அதற்குள் அழுகிவிடும்.

இன்னொன்று, அக்கா. வெளிநாட்டவரை விரட்டும் கும்பல்கள் இந்த மாதிரி நாளில் கூடவே வந்துவிடுகின்றன. தம்பி பக்கத்தில் நிற்கும்போது அவர்கள் ஒரு மலாவிக்காரரையோ சோமாலியரையோ அடித்தால், அவன் அவர்களோடு வந்தவன் என்றுதான் ஊர் நினைக்கும். யார் சீருடை, யார் கும்பல் என்று தெரியாத இடத்தில் அவன் நிற்கவே கூடாது.

ஃபீனிக்ஸ்_ராஜா:

சட்டப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன், ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். உங்கள் தம்பிக்கு மெட்ரோ போலீசின் அதிகாரம் இல்லை. கைது விஷயத்தில் தனியார் காவலாளிக்குச் சாதாரணக் குடிமகனுக்கு உள்ள உரிமைதான், சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் தானாக வந்துவிடாது. யார் பெயரில், எந்த விதியின் கீழ் எடுக்கிறோம் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் இல்லாமல் ஒரு மூட்டையைத் தூக்கினால் நாளைக்கு வழக்கில் அவன் பெயரும் வரலாம்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. மக்விக்கானா என்ற நடைபாதை வியாபாரி போட்ட வழக்கில் 2015-இல் டர்பன் உயர் நீதிமன்றம், வியாபாரிகளின் சரக்கைப் பறிக்க மாநகராட்சி பயன்படுத்திய துணைவிதியைச் செல்லாது என்று சொன்னது. அதற்கு முன்பு 2013-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘ஆபரேஷன் கிளீன் ஸ்வீப்’ என்று ஆயிரக்கணக்கான வியாபாரிகளைத் துரத்தினார்கள், முறையாகப் பெர்மிட் வைத்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள். அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த டிசம்பர் 5-ஆம் தேதி, மண்டேலா இறந்த அதே நாள், அவர்களைத் திரும்ப உட்கார விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அதே நகரில் 2019-இல் போலிச் சரக்கு தேடிப் போன போலீஸ் கல்லும் பாட்டிலும் பறந்ததால் பின்வாங்கியது, சில நாள் கழித்துப் பெரும்படையோடு திரும்பி வந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கைது செய்தது. துப்பாக்கியோடு வந்தவர்களே பின்வாங்கிய இடத்தில் ஒரு தடியைக் கொடுத்து உங்கள் தம்பியை நிறுத்துகிறார்கள் என்றால் அந்தக் கம்பெனி மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சாட்ஸ்வர்த்_அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இன்று இரவே அவனோடு உட்கார்ந்து படிக்கப்போகிறேன். முழங்கால் அடிக்கு மருத்துவச் செலவை அவனே கொடுத்திருக்கிறான், வேலையில் பட்ட அடி என்று கம்பெனி எழுதவே இல்லை. அதைக் கேட்க முடியுமா?

ஃபீனிக்ஸ்_ராஜா:

கண்டிப்பாக முடியும், அக்கா. வேலையில் பட்ட காயத்துக்கு 1993-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, அதற்கான இழப்பீட்டு நிதிக்குப் பணம் கட்டுவது முதலாளிதான். விபத்து பற்றித் தெரிந்த 7 நாளுக்குள் அவர் தெரிவித்தாக வேண்டும். தம்பி வாயால் சொல்லியிருந்தாலும் இப்போது வாட்ஸ்அப்பிலாவது தேதி, இடம், கூட இருந்தவர் பெயர் போட்டு மேலாளருக்கு அனுப்பட்டும், டாக்டர் சீட்டையும் ரசீதையும் படம் எடுத்து வைக்கட்டும். கம்பெனி அசையவில்லை என்றால் அவனே தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய் விண்ணப்பிக்கலாம், காலக்கெடு உண்டு, அதனால் தாமதிக்காமல் செய்துவிட வேண்டும்.

பழைய_சீருடை:

அதோடு, அடுத்த முறை கூப்பிடும்போது கூட வருகிற அதிகாரி யார், எடுக்கிற ஒவ்வொரு பொருளையும் வியாபாரியின் முன்னாலேயே எண்ணி ரசீது எழுதப்போவது யார் என்று இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் பக்கியில் ஏறாமல் கிடங்கு வேலைக்கே திரும்ப அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும்.