வடக்குக் கண்ணாடியில் வெயில் படுமா, படாதா?

பாளை மெக்கானிக்: “கடை முகப்பு முழுக்கக் கண்ணாடி வையுங்கள், பகலில் லைட்டே வேண்டாம், கரண்ட் பில் பாதியாகும். வடக்குப் பக்கம் வெயிலே படாது” என்று இங்கே ஒரு எஞ்சினியர் நேற்று அடித்துவிட்டிருக்கிறார். வண்ணார்பேட்டையில் நான் ஏசி பார்க்கும் ஜவுளிக்கடைக்கு மேற்கிலும் வடக்கிலும் கண்ணாடி. மேற்கே மட்டும் 200 சதுர அடி. 4 மணி வெயிலில் அது வழியாக வரும் சூட்டை இறக்கவே 2 டன் ஏசி ஓடணும். மணிக்கு 2 யூனிட். அணைத்து வைத்தது 40 வாட் எல்இடி 20. அதில் மணிக்கு மிச்சமாவது 1 யூனிட்கூட இல்லை. இப்போது 3 மணி ஆனால் திரையை இழுத்துவிட்டு, உள்ளே லைட்டையும் போடுகிறார்கள். முன்வரிசைச் சேலைகள் மடிப்போரம் வெளுத்தது தனிக்கதை.

நெல்லை எஞ்சினியர்: மேற்கே வைக்க நானா சொன்னேன் அண்ணாச்சி? வடக்கே படாது என்றேன்.

பாளை மெக்கானிக்: படும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் நமக்கு வடக்கேதான். மே மாதம் ஒரு கம்பை நட்டுப் பாரும், நிழல் தெற்கே விழும்.

நெல்லை எஞ்சினியர்: ஜூனிலேயே உச்சியில் 75 டிகிரி உயரம். 2 அடி சன்ஷேடு 7 அடிக்கு நிழல் தரும். அப்புறம், லைட்டை அணைத்தால் லைட் சூடும் குறையுமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

பாளை மெக்கானிக்: சேர்த்தாலும் ஏசியில் மணிக்குக் கால் யூனிட்தான் குறையும். மேற்கு வெயில் தின்னும் 2 யூனிட்டுக்கு அது ஈடாகுமா? பேச்சை மாற்றாதீர். சாயங்காலம் 5 மணிக்குச் சூரியன் சாய்ந்து வருமே, அதை உம்ம சன்ஷேடு மறைக்குமா? படுமா, படாதா?

டவுன் கடைக்காரர்: குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இங்கே காற்று வருது. கதவைத் திறந்து வையுங்கப்பா, ரெண்டு பேர் சண்டையும் தீரும்.

பாளை மெக்கானிக்: கதவைத் திறந்து போட்டே ஏசி ஓட்டுகிற நீர் இதைச் சொல்லக் கூடாது. போன வருஷ சர்வீஸ் பாக்கியை முதலில் கொடும்.

டவுன் கடைக்காரர்: கேஸ் நிரப்பி மூணே மாசத்தில் ஒழுகினதுக்குப் பாக்கி வேறயா?

நெல்லை எஞ்சினியர்: அண்ணாச்சி, 5 மணி வெயிலுக்குப் பக்கவாட்டில் செங்குத்தா ஒரு தடுப்பு வைத்தால் போதும்.

பாளை மெக்கானிக்: ஆக, படும்.

நெல்லை எஞ்சினியர்: படும் என்று நான் எங்கே சொன்னேன்?

பாளை மெக்கானிக்: படாததுக்குத் தடுப்பு எதுக்கு வே?