ரோம் குரூஸ் துறைமுகத்திலிருந்து விமான நிலையத்துக்கு: தனிக் கார் முன்பதிவு செய்யலாமா?

மதுரைவாசி:
வணக்கம். செப்டம்பரில் குடும்பமாக மத்தியதரைக் கடல் குரூஸ் போகிறோம். நான், கணவர், 2 பிள்ளைகள், 71 வயது மாமியார். பார்சிலோனாவில் ஏறி ரோமில் இறங்குகிறோம். டிக்கெட்டில் ரோம் என்றுதான் போட்டிருக்கிறது, ஊருக்குள்ளேயே கப்பல் நிற்கும் என்று நினைத்திருந்தேன். நேற்று மேப்பைப் பார்த்தால் துறைமுகம் இருப்பது சிவிதாவெக்கியா என்ற வேறு ஊரில், ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல்! காலை 6 மணிக்குக் கப்பல் வந்துவிடும், பகல் 1.40-க்கு ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையத்தில் விமானம். மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏறவே சிரமம். ரயிலா, கப்பல்காரர்களின் பஸ்ஸா, தனிக் காரா?

கோவைப் பயணி:
கார்தான், யோசிக்காதீர்கள். நாங்கள் ரயிலில் போனோம். கப்பலிலிருந்து துறைமுக பஸ்ஸில் லார்கோ தெல்லா பாச்சே என்ற பஸ் நிறுத்தம், அங்கிருந்து ஸ்டேஷன், ரோம் ரயில், நடுவில் திராஸ்தேவெரே ஸ்டேஷனில் இறங்கி விமான நிலைய ரயில். செலவு ரொம்பக் குறைவு, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் பெட்டிகளை ஏற்றி இறக்கி, திராஸ்தேவெரேயில் பிளாட்பாரம் மாறுவதற்குள் என் அம்மா அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மிச்சப்படுத்திய காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கப்பல்காரர்களின் பஸ்ஸுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், தனி வண்டிக்கு வண்டிக்குத்தான் காசு, அதனால் 5 பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் வராது.

கடலோடி:
நானும் கார் பக்கம்தான், ஆனால் நேரத்தைச் சரியாகக் கொடுங்கள். நான் முதல் தடவை கப்பல் வரும் நேரமான 6.30-ஐயே போட்டுவிட்டேன். கப்பல் துறைமுகத்தில் வந்து நின்றவுடன் யாரையும் இறங்க விடமாட்டார்கள். முந்தின இரவே பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும், காலையில் அந்தப் பெட்டியில் கட்டிய டேக் நிறப்படி குழுகுழுவாகக் கூப்பிடுவார்கள். நாங்கள் வெளியே வந்தபோது மணி 8.15, டிரைவர் காத்திருப்புக் கட்டணம் என்று தனியாக வாங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, நான் கொடுத்த நேரம்தானே. உங்கள் விமானத்துக்கு 8.30 அல்லது 8.45 போடுங்கள். ஃபியூமிசினோவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தாலும் 10.30-க்குள் போய்விடலாம்.

அப்புறம், இத்தாலியில் டிரைவரோடு வாடகைக்கு வரும் கார்களுக்கு என்.சி.சி. என்று தனி உரிமம் உண்டு. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை முன்பதிவின் பேரில்தான் ஓட வேண்டும், டாக்ஸி மாதிரி ரோட்டில் நின்று ஆள் ஏற்றக் கூடாது. அதனால் இறங்கிய இடத்தில் யாராவது வந்து கார் வேண்டுமா என்று கேட்டால் ஏறாதீர்கள். பதிவு செய்யும்போது கப்பலின் முழுப் பெயரையும் எழுதுங்கள், கம்பெனி பெயர் மட்டும் போதாது. ஒரே கம்பெனியின் 2 கப்பல்கள் ஒரே நாளில் நிற்பதுண்டு.

திருச்சி அக்கா:
பெட்டிக் கணக்கைச் சொல்லுங்கள் தங்கச்சி, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 5 பேர் என்றதும் 7 சீட் வண்டி அனுப்பிவிடுவார்கள். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் பெட்டிக்கு இடமே இருக்காது, கைப்பையை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பெரிய பெட்டி எத்தனை, கைப்பெட்டி எத்தனை என்று எண்ணிக்கையோடு எழுதி 8 பேர் உட்காரும் வேன் கேளுங்கள். வேனின் தரை உயரமாக இருக்கும், மாமியாருக்குச் சின்னப் படிப்பலகை இருக்கிறதா என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். எங்கள் டிரைவர் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை எடுத்துப் போட்டு, அத்தையின் கையைப் பிடித்து ஏற்றினார்.

மதுரைவாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பெரிய பெட்டி 5, கைப்பெட்டி 4, ஒரு வாக்கர். வேன், 8.45 என்று எழுதி, ஸ்டூலும் கேட்டு இப்போதுதான் மெயில் அனுப்பினேன். எவ்வளவு நேரம் இலவசமாகக் காத்திருப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.