தாண்டிக்குடியில் மார்கழியில் காய்கறித் தோட்டம் போடலாமா?

மலைக்குப் புதுசு:
மதுரையில் மொட்டை மாடியில் கத்தரி, வெண்டை வளர்த்த பழக்கம் உண்டு. வீட்டுக்காரருக்கு மாற்றலாகிக் கொடைக்கானல் மலைப் பக்கம் தாண்டிக்குடிக்கு வந்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கிழக்குப் பார்த்த சரிவில் ரெண்டு சென்ட் சும்மா கிடக்கிறது. மேல்பக்கம் காபித் தோட்டம். மதியத்துக்கு மேல் சில்வர் ஓக் நிழல் விழுந்துவிடும். மழை ஓய்ந்த மாதிரிதான் தெரிகிறது. யூடியூபில் பார்த்தால் ஊட்டியில் செடியெல்லாம் பனியில் கருகிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டம்மாவோ, "இங்க எதப் போட்டாலும் வரும்" என்கிறார். இப்போதே விதைக்கவா, தை பிறக்கட்டும் என்று விடவா? கேரட் வருமா? பையன் அதற்குத்தான் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

பண்ணைக்காட்டான்:
முதலில் ஊட்டி வீடியோவை மூடுங்கள் தங்கச்சி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். நம்ம கீழ்ப்பழனி மலை ஊர்கள் 1,300, 1,500 என்ற அளவில்தான். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு டிகிரி கூடும் என்பது பொதுக்கணக்கு. மார்கழி விடியலில் நமக்குக் கை விறைக்கும், செடி கருகாது. தை வரை விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். மழை ஈரம் இப்போது மண்ணில் இருக்கிறது; மாசி, பங்குனியில் குடிதண்ணீருக்கே குழாயைப் பார்த்து உட்கார வேண்டும்.

கேரட் தாராளமாக வரும். குரோடா ரகம் கேளுங்கள், கொஞ்சம் வெயில் தாங்கும். நாற்று விட்டு நடுகிற வேலை வேண்டாம், நேரடி விதைப்புதான். ஒரு அடி ஆழம் கொத்தி, கல்லைப் பொறுக்கி, மேட்டுப்பாத்தி போடுங்கள். சரிவுக்குக் குறுக்கே போடணும். நெடுக்கே போட்டால் ஒரு மழைக்கு மண் கீழ்வீட்டுக்காரருக்குப் போய்விடும். பச்சைச் சாணி போடவே கூடாது, கிழங்கு கால் விரித்துக் கவட்டை கவட்டையாக வரும். மக்கிய தொழுவுரம் போதும். விதையை மணலோடு கலந்து தூவி, ஈரச் சாக்கால் மூடுங்கள். முளைக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் தோண்டிப் பார்க்காமல் பையனைப் பிடித்து வையுங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடணும். அப்புறம் ரெண்டு மூணு அங்குல இடைவெளி விட்டு, நெருக்கமான நாற்றைப் பிடுங்கிக் கலைத்து விடுங்கள். பாவம் பார்த்தால் எல்லாம் சுண்டு விரல் கனம்தான் வரும்.

கூடவே முள்ளங்கி, பீட்ரூட், நூக்கல், குத்துப் பீன்ஸ் போடலாம். தக்காளிக்கு மட்டும் காலை வெயில் நேராக விழுகிற இடம் பாருங்கள். மூடுபனியில் இலை ஈரமாகவே இருந்தால் கருகல் நோய் பிடிக்கும். வெண்டைக்குப் பங்குனி வரட்டும்.

காபி விளைகிற மண் புளிப்பாக இருக்கும், சுண்ணாம்பு தேவைப்படலாம். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில்தானே, ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய்க் காட்டி அளவு கேளுங்கள்.

கோத்தகிரி அக்கா:
அண்ணன் சொன்னது சரி. எங்கள் பக்கமே மேட்டில் இருக்கிற தோட்டம் தப்பிக்கும், கீழே பள்ளத்தில் உறைபனி விழுந்து புல் வெள்ளை வெளேர் என்றிருக்கும். காற்றில்லாத ராத்திரி குளிர் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். உங்களுக்குச் சரிவு வேறு, கவலையே இல்லை.

உருளைக்கிழங்கு ஆசை வந்தால் ஒன்று கேளும்மா. ஊட்டிக் கிழங்கை வாங்கி விதைக்கு வைக்காதே. 1961-லேயே இங்கே நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடித்தார்கள், உருளை வேரைத் தாக்குகிற பொடிப் புழு அது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வந்து இறங்கினால் வருஷக்கணக்கில் போகாது. கொடைக்கானல் பக்கமும் அது உண்டு. அதற்குப் பதில் ஓரத்தில் ஒரு மேரக்காய் முளைக்க வை, அதான் உங்கள் சௌசௌ. பந்தல் மட்டும் பலமாக இருக்கட்டும்.

மலைக்குப் புதுசு:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. இன்னொன்று: இந்தப் பக்கம் காட்டுமாடு வருமாமே, மூங்கில் படல் கட்டினால் நிற்குமா?

பண்ணைக்காட்டான்:
அது படலையும் சேர்த்து மிதித்துவிட்டு வரும். பீன்ஸை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடுங்கள், ராத்திரி ஒரு லைட் எரியட்டும். வந்து நின்றால் விரட்டப் போகவே கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள். கேரட்டுக்கு உண்மையான எதிரி முள்ளம்பன்றிதான். பாத்தியைச் சுற்றித் தகரம் அடித்து, அரை அடி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். பழைய தகரம் வத்தலக்குண்டில் எடைக்குக் கிடைக்கும்.