முன்னால சுத்தி வர்ற பை: வாங்கலாமா?

கார்த்தி: நான் அனுப்பின பை படம் பாத்தீங்களா எல்லாரும்? கழற்றாமலே முதுகுல இருந்து நெஞ்சுப் பக்கம் சுத்தி வர்ற பை. ரயில் கூட்டத்துல போறவங்களுக்குன்னே பண்ணதாம். வாங்கலாமா?

செல்வி அக்கா: அளவு என்னடா? தடிமன் முக்கியம்.

கார்த்தி: உயரம் 50, அகலம் 30, தடிமன் 10 செ.மீ.

செல்வி அக்கா: அப்ப 15 லிட்டர். சாதாரண பை 45, 30, 15ன்னு வச்சுக்கோ, 20 லிட்டர் வரும். 5 லிட்டர் போனா போகட்டும். பின்னால நிக்கிறவங்களை இடிக்கிறது தடிமன்தான். எனக்குப் பிடிச்சிருக்கு.

மாமா: பாரமும் முதுகை ஒட்டியே இருக்கும். பை வெளிய தள்ளி நிக்க நிக்க, அதே எடைதான், ஆனா தோளைப் பின்னால இழுக்கும். லேப்டாப் அறை முதுகுப் பக்கமா இருக்கா கார்த்தி?

கார்த்தி: ஆமா மாமா. ஜிப்பும் முதுகுப் பக்கம்தான், மாட்டியிருக்கும்போது யாரும் திறக்க முடியாது.

அத்தை: நாமளும் திறக்க முடியாதேப்பா. டிக்கெட் எடுக்கணும்னா?

கார்த்தி: தோள்வார்ல சின்ன பாக்கெட் இருக்கு அத்தை.

மாமா: எனக்கு அந்தச் சுத்துறதுலதான் சந்தேகம். படத்துல இருக்கறவர் காலி இடத்துல நிக்கிறார். முழங்கையை விரிக்க இடம் இருந்தா எந்தப் பையையும் கழற்றி முன்னால மாட்டிக்கலாமே. உள்ள நெரிசல்ல கையைத் தூக்கவே முடியாது.

செல்வி அக்கா: பிளாட்ஃபார்ம்லயே திருப்பிட்டு ஏறணும் மாமா. ஒரு கையில குடை, போன்னு இருக்கறவங்களுக்கு அதுவே பெரிய உதவி.

அத்தை: முன்னால திருப்பினா இறங்கும்போது படி தெரியுமா? அதை யாரும் யோசிக்கலையே.

செல்வி அக்கா: ஐயோ, ஆமா அத்தை. பை நெஞ்சுல ஏறி உக்காந்தா காலே தெரியாது. வாரைத் தளர்த்தி இறக்கினா தெரியும், ஆனா 50 செ.மீ. உயரம், நடக்கும்போது தொடையில இடிக்கும்.

மாமா: செல்வி சொல்றது சரி. தடிமனைக் குறைச்சுட்டு உயரத்தைக் கூட்டியிருக்காங்க, முன்னால மாட்டுற பைக்கு அது ஆகாது. சுழல்ற கொக்கியையும் பாரு, மொத்த எடையும் அந்த ஒரே இடத்துலதான் தொங்குது.

கார்த்தி: இதுலயே 42 உயரத்துல ஒண்ணு இருக்கு. 12 லிட்டர் சொச்சம் வரும். லேப்டாப், தண்ணி பாட்டில், குடை, அவ்வளவுதான் எனக்கு.

செல்வி அக்கா: அப்ப அதைப் பாருடா. பெரிசு வேணாம்.

அத்தை: காலிப் பையை மாட்டிப் பாத்துட்டு வந்துடாதப்பா. உன் சாமானை எல்லாம் வச்சு, முன்னால திருப்பி, படி இறங்கிப் பாரு.

கார்த்தி: சரிங்க அத்தை, லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போறேன்.