பழைய அமெரிக்க சிட்காம்கள் பற்றி உங்கள் உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் 1970களின் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் தன்பால் ஈர்ப்பாளர்களையும் திருநர்களையும் எப்படிக் காட்டின என்று பேசப்போகிறேன்.

மையமாக எடுத்திருப்பது 'ஆல் இன் தி ஃபேமிலி'. 1971லேயே, தொடரின் நாயகனான பழமைவாதக் குடும்பத் தலைவர் ஆர்ச்சி மிகவும் மதிக்கும் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று அவரிடமே சொல்லிவிடுவார். ஆனால் என்னை உலுக்கியது 1977இல் வந்த 'கசின் லிஸ்' என்ற அத்தியாயம். ஆர்ச்சியின் மனைவி ஈடித்தின் ஒன்றுவிட்ட சகோதரி லிஸ் இறந்துபோகிறாள்; அவள் உடைமைகள் ஈடித்துக்கு வருகின்றன. கூடவே வாழ்ந்த ஆசிரியை வெரோனிகா, ஒரு வெள்ளித் தேநீர் செட்டை மட்டும் தன்னிடமே விட்டுவிடும்படி கேட்கிறாள். இருவரும் தம்பதிபோல வாழ்ந்தவர்கள் என்று புரிந்ததும் ஈடித் அதைக் கொடுத்துவிடுகிறாள். ஆர்ச்சியோ கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார். விஷயம் வெளியே வந்தால் வெரோனிகாவின் வேலையே போய்விடும். அது வெறும் கதைக்கான பயமில்லை. மறுவருடமே கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து நீக்க வழிசெய்யும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள் அதைத் தோற்கடித்தார்கள்.

அதே 1977இல் 'தி ஜெஃபர்சன்ஸ்' தொடரில், நாயகன் ஜார்ஜின் கடற்படைத் தோழர் திருநங்கையாகத் திரும்பி வருவார். அவரைக் கண்ணியமாகவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் சிரிப்பு பல இடங்களில் அவர்மேலேயே விழுகிறது என்பது என் எண்ணம். இதைப் பார்த்த திருநர் நண்பர்கள் உங்களுக்கு எப்படிப் பட்டது என்று சொல்ல முடியுமா?

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருந்தவர்கள், வீட்டில் இவற்றை எப்படிப் பார்த்தார்கள் என்று எழுதினால் பெரிய உதவி. 'கசின் லிஸ்' காட்சிகளுக்குத் தமிழ் சப்டைட்டில் போடத் தெரிந்தவர்களும் தயவுசெய்து இன்பாக்ஸில் வாருங்கள்.