இரட்டை நெக் (இரண்டு கழுத்து) கிட்டாரை நேரில் பார்த்தவர்கள் இங்கே சொல்லுங்கள்

பழைய_ஆம்ப்:
மிச்சிகனில் நடந்தது, இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கலமசூ பக்கம் ஒரு பெரியவர் வீட்டுக்குக் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) வாங்கப் போனேன். பேரம் முடிந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கேஸை இழுத்தார். அகலத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இரட்டை நெக். கிப்சன் கம்பெனியின் ஈடிஎஸ்-1275, செர்ரி சிவப்பு, அறுபதுகளின் நடுவில் அதே ஊர்த் தொழிற்சாலையில் செய்தது. ஒரு கீறல் இல்லை. வெயில் படாமல் வைத்திருந்திருக்கிறார், சிவப்பு வெளிறவே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. கீழே ஆறு கம்பி நெக்கில் முதல் சில ஃபிரெட்டுகள் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள்) குழி விழுந்து தேய்ந்திருந்தன. மேலே பன்னிரண்டு கம்பி நெக்கில் ஃபிரெட் எல்லாம் நேற்றுப் போட்டது மாதிரி. கேட்டதற்கு, அந்தப் பக்கம் தான் வாசித்ததே இல்லை என்றார். சரி, அழகுக்கு வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சும்மா பன்னிரண்டையும் விரல் வைக்காமல் திறந்த கம்பியாக ஒரு இழுப்பு இழுத்தேன். சுத்தமாக ட்யூனில் இருந்தது! கம்பியில் துருவும் இல்லை. வாசிக்கவே வாசிக்காத நெக்குக்கு யார் கம்பி மாற்றுகிறார்கள்? கேட்க வாயெடுப்பதற்குள் மூடிவிட்டார்.

ஆறே_கம்பி:
அவசரப்படாதீர்கள். ஒரு நெக்குக்கு மட்டும் புது ஃபிரெட் போட்டிருக்கலாம். கிப்சனில் விரல்பலகையின் ஓரப் பட்டை ஒவ்வொரு ஃபிரெட்டின் நுனியிலும் சின்ன மொட்டாக ஏறி நிற்கும். ஃபிரெட் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சீவிவிடுவார்கள். மொட்டு இருந்தால் ஒரிஜினல், இல்லையென்றால் பெரியவர் கதை விடுகிறார்.

நான் பார்த்தது லண்டன் டென்மார்க் தெருவில், ஒரு கடையின் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்தது. தொடாதே என்று பலகை. அவ்வளவுதான் என் கதை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் ஹெட்ஸ்டாக்கின் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) பின்பக்கத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். கிப்சன் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் விழுந்தால் அங்கேதான் உடையும். இதில் இரண்டு ஹெட்ஸ்டாக், ஆகவே பயமும் இரண்டு. எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் விலை சரிந்துவிடும். அங்கே ‘மேட் இன் யுஎஸ்ஏ’ முத்திரை இருந்தால் 1970க்குப் பிந்தையது, அறுபதுகள் என்று சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அடுத்து பின்மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருக்கும் பாட்களின் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாகம்) எண்ணைப் பாருங்கள். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி செய்தது, 134 என்றால் சென்ட்ராலாப் கம்பெனி. மீதி எண்களில் செய்த ஆண்டும் வாரமும் இருக்கும். சால்டர் பளபளவென்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ரப்பர் பிடி வைத்த ஸ்டாண்டில் நிறுத்தவே கூடாது, பழைய நைட்ரோ லாக்கர் பூச்சை ரப்பர் தின்றுவிடும். பிரேசில் ரோஸ்வுட் பலகை என்றால் நாடு தாண்டக் காகிதம் வேண்டும், 1992 முதல் அந்த மரத்துக்கு மிகக் கடுமையான சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாடு.

பழைய_ஆம்ப்:
ஐயா, நான் அதை வாங்கவே போகவில்லை. ஆம்ப்தான் வாங்கினேன். அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், இரண்டு நெக்கிலும் மொட்டு இருக்கிறது.

மாடி_வீட்டு_டிரம்ஸ்:
2019இல் நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தில் ராக் இசைக்கருவிகளின் கண்காட்சி நடந்ததே, அங்கே லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜுடைய இரட்டை நெக்கைப் பார்த்தேன். சீப் ட்ரிக் குழுவின் ரிக் நீல்சனுடைய ஐந்து நெக் கிட்டாரும் அதே கண்காட்சியில்தான். கூட்டம் ஐந்து நெக்கைப் பார்த்துச் சிரித்தது, பேஜுடையதன் முன்னால் கிட்டத்தட்ட கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்கு முன்னால் ஒரு சிறுவன், “ஏன்பா ரெண்டு இருக்கு?” என்றான், தமிழில்! அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், “ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு” என்றார். அந்த முகத்தில் இருந்த உறுதியை என்னால் மறக்கவே முடியவில்லை. ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டைப் பதிவு செய்த கருவியின் முன்னால் நின்றுகொண்டு சொல்கிற பேச்சா அது!

ஆறே_கம்பி:
அந்த அப்பா சொன்னது எவ்வளவு தப்போ அவ்வளவு தப்பு நீங்கள் சொல்வதும். ஸ்டூடியோவில் தனித்தனி கிட்டார்கள், சோலோ டெலிகாஸ்டர் என்ற சாதாரண ஒற்றை நெக் கிட்டாரில் வாசித்தது. மேடையில் பாட்டின் நடுவே கிட்டார் மாற்ற நேரமில்லை என்பதால்தான் இரட்டை நெக்கை வரவழைத்தார். ஈகிள்ஸ் குழுவின் டான் ஃபெல்டர் வெள்ளை ஈடிஎஸ்-1275 வைத்துக்கொண்டதும் மேடைக்காகத்தான். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வுக்கு பன்னிரண்டு கம்பி நெக்கின் ஏழாவது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுத் தொடங்குவார், சோலோவுக்குக் கீழ் நெக்குக்கு இறங்குவார். இது ஒரு மேடைக் கருவி. கட்டிலுக்கு அடியில் கிடப்பதைப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

மாடி_வீட்டு_டிரம்ஸ்:
பாட்டு விஷயம் சரி. கட்டில் விஷயம் உங்கள் இஷ்டம். எல்லோரும் மேடையேற்றித் தேய்த்திருந்தால் அந்தச் சிவப்பு உண்மையில் எப்படி இருந்தது என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

யாழ்_வாத்தியம்:
கிட்டார் இல்லை, மன்னிக்கவும். எல். சங்கரின் இரட்டை வயலினை லண்டனில் ஒரு கச்சேரியில் பார்த்தவன் நான். சென்னையில் பிறந்து எங்கட யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் சக்தி குழுவில் வாசித்தார். அந்த மெக்லாஃப்லினும் மகாவிஷ்ணு இசைக்குழுக் காலத்தில் இரட்டை நெக் கிட்டார்தான் வைத்திருந்தார். சங்கரின் வயலினை 1980இல் கென் பார்க்கர் செய்துகொடுத்தார். இரண்டு கழுத்திலுமாகப் பத்துத் தந்தி, வயலினிலிருந்து டபுள் பேஸ் வரை அதற்குள்ளே. ஆலாபனை கீழே போய்க்கொண்டே இருந்தது. இனி வயலினில் இடமில்லை என்று நினைத்த இடத்தில் வில் சட்டென்று மற்றக் கழுத்துக்குத் தாவியது, ராகம் அறாமல் இன்னும் கீழே இறங்கியது. பக்கத்தில் இருந்த அண்ணை என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். அதைப் பார்த்தவனுக்கு இரண்டு நெக் ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

தோள்வலி:
நான் தொட்டவன், தூக்கியவன். டல்லாஸ் கிட்டார் விழாவில். படத்தில் பார்த்தால் தெரியாது, ஏறக்குறைய ஆறு கிலோ இருக்கும். ஸ்ட்ராப் கழுத்தை அறுத்தது. நெக் சுவிட்சை நடுவில் வைத்தால் இரண்டு நெக்கும் உயிரோடு இருக்கும். கீழே ஆறு கம்பியில் ஒரு ஈ கார்ட் (சுரக்கூட்டு) அடித்துக் கையால் பொத்தினேன். அடித்தது நின்றுவிட்டது, ஆனால் நான் தொடவே தொடாத மேல் நெக்கில் பன்னிரண்டு கம்பியும் அதே கார்டைத் தானாகப் பாடிக்கொண்டிருந்தன. தம்புராக்காரர் பின்னால் உட்கார்ந்திருப்பது போலத் திரும்பிப் பார்த்துவிட்டேன். கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. விலை கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆறே_கம்பி:
பன்னிரண்டும் பாடாது, ஈ கார்டின் சுரங்களோடு ஒத்துப்போகிற கம்பிகள்தான் பாடும். என்ன ஆம்ப், வால்யூம் எவ்வளவு வைத்திருந்தீர்கள்? பின்மூடியைக் கழற்றிப் பார்த்தீர்களா?