புதுப்பிப்பு: 30 சதவீதத்திலேயே அணைந்த லேப்டாப், காலிபரேட் செய்த பிறகு

பேட்டரி 30 சதவீதம் காட்டும்போதே லேப்டாப் பட்டென்று அணைகிறது, மாற்றத்தான் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். காலிபரேட் செய்து பாருங்கள் என்றீர்கள், அதாவது பேட்டரியை முழுசாக ஏற்றி, முழுசாக இறக்கி, சதவீதக் கணக்கைச் சரிப்படுத்துவது; செய்தாயிற்று.

100 வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டு, ஸ்லீப் ஆகாதபடி செட்டிங்கை மாற்றி, தானாக அணையும் வரை ஓடவிட்டு, கொஞ்சம் ஆறியதும் இடையில் பிடுங்காமல் மறுபடி முழுசாக ஏற்றினேன். இப்போது சதவீதம் சீராக இறங்குகிறது, திடீரென்று அணைவதில்லை. ஆனால் ஓடும் நேரம் கூடவில்லை, கூடவும் செய்யாது; காலிபரேஷன் சரிசெய்வது மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடும் சிப்பை மட்டும்தான், லித்தியம் செல்லில் தேய்ந்தது தேய்ந்ததுதான். விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட்டில் முழு சார்ஜ் கொள்ளளவு முன்பைவிடக் குறைவாகவே காட்டுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம், இப்போதுதான் உண்மையைச் சொல்கிறது.

வாராவாரம் செய்யலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அடிக்கடி முழுசாகக் காலி செய்தால் லித்தியம் சீக்கிரம் தேயும், அப்படிக் காலி செய்யச் சொல்லும் அறிவுரை பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்தது. சதவீதம் தாறுமாறாகக் குதித்தால் மட்டும் செய்தால் போதும்.

அப்புறம், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்) சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்திவிட்டேன், நாள் முழுக்க ப்ளக்கிலேயே இருப்பதால். டச்பேட் மேலெழும்பியிருந்தால் காலிபரேஷன் பக்கமே போகாதீர்கள், பேட்டரி உப்பியிருக்கலாம், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.